சத்தம் போடாத தையல்

12.01.2025, ஞாயிறு

மேசைக்காக இன்று வீட்டில் சண்டை. மகளுக்கு மார்ச்சில் ஓ.எல். பரீட்சை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஒரே அறை, ஒரு காம்பரா. அதில் இருப்பதோ ஒரே மேசை. அதில் பாதியை என் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய போர்வையை மூடிக்கொண்டு பத்து மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைமேல் அரிசிப் பை, ரேடியோ, வீட்டுக்காரர் ரமேஸின் தொப்பி.

“அம்மா, நீங்க தொடுறதே இல்ல. கட்டிலுக்குக் கீழ தள்ளுவோமே” என்றாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நான் வள்ளென்று விழுந்தேன். அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்க இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டாள்.

ரமேஸ் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பதுளையில எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ள தையல் படிக்குது. அதுக்குக் குடுத்துருவோமா? தைக்கிற கையில இருந்தாத்தான் மெஷினுக்கும் நல்லது.”

பார்ப்போம் என்றேன். நேரமில்லை, நூல் இல்லை, நல்ல துணி கிடைப்பதில்லை — காரணம் கேட்டால் கொட்டுவேன். ஒன்றும் உண்மை இல்லை.

14.01.2025, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. பக்கத்துக் காம்பராவிலிருந்து பொங்கல் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. போன வருடம் இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை.

19.01.2025, ஞாயிறு

மகளின் புத்தகம் வாங்கப் பண்டாரவளை போனோம். மர்ஸூக் நானாவின் துணிக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவோம் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை.

மஞ்சள் நிறத்தில் ஒரு சீத்தைத் துணி வந்திருக்கிறது. கடுகு அளவுக்கு வெள்ளைப் பூ. கையில் பிடித்தால் பிள்ளையின் கன்னம். மடித்து, விரித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, திருப்பி வைத்தேன்.

“என்ன டீச்சர், ஒரு வருஷமா துணிப் பக்கமே காணல்ல? மெஷின் பழுதா?”

“ஆமா நானா, பழுதுதான்.”

“கொண்டு வாங்கோ, நம்மட ஆளொருத்தர் ஈக்கார், பாத்துத் தருவார்.”

சரி என்று தலையாட்டினேன். பழுது மெஷினில் இருந்தால்தானே கொண்டு போவதற்கு.

26.01.2025, ஞாயிறு

எழுதியே விடுகிறேன். எழுதாமல் சுற்றிச் சுற்றி வருவது எனக்கே அலுத்துவிட்டது.

நான் பெரியவர்களுக்குத் தைப்பதில்லை. ஜாக்கெட் தைத்துத் தரச் சொல்லி வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குழந்தைச் சட்டை மட்டும்தான். ஒரு பகலில் முடிந்துவிடும், சாயந்தரமே அது நம் முன்னால் ஓடித் திரியும். அதைப் பார்ப்பதில் உள்ள சுகம் எனக்கு வேறு எதிலும் இல்லை. மகள் வளர்ந்து என் கவுன்களை வேண்டாம் என்று சொன்ன பிறகு, நான் டீச்சராக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அம்மாமார் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போகும் பிள்ளைகளுக்குத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மெஷின் ஓடும். லயத்துச் சுவர் கூரை வரை போகாது. இந்தக் காம்பராவில் தும்மினால் அந்தக் காம்பராவில் “நூறு” என்பார்கள். அதனால் என் மெஷின் சத்தம் தனுஜா வீட்டுக்கும் சொந்தம்.

தனுஜாவும் விஜேந்திரனும் பக்கத்துக் காம்பரா. அவளுக்கு இருபத்தாறு வயது, என்னை அக்கா என்பாள். முதல் பிள்ளை உண்டானபோது அவளைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஏழாம் மாதத்திலேயே ஒரு முழுச் செட் தைத்தேன். வெள்ளை மல் துணியில் நாடா வைத்த கட்டுச் சட்டை, தொப்பி, காலுக்கு உறை. பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது, தைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். என் அம்மா எனக்கே எடுக்கவில்லை. ஆனாலும் தைத்தேன். அதோடு விட்டேனா? புதுத்துணியின் கஞ்சி போக வேண்டும் என்று அலசி, லயத்துக்கு முன்னால் பொதுக்கொடியில் வெயிலில் காயப்போட்டேன். இன்னும் பிறக்காத பிள்ளையின் சட்டை. ஊரே பார்க்க.

தனுஜாவின் மாமியார் பாக்கியலெட்சுமி அக்கா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்தார். பார்த்தார். ஒவ்வொன்றாகக் கிளிப்பைக் கழற்றி, மடித்து, என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் தனுஜா வந்து, “குடுங்கக்கா, நான் ஒளிச்சி வச்சிக்கிறேன்” என்று சேலைக்குள் மறைத்து எடுத்துப் போனாள். சிரித்துக்கொண்டுதான் போனாள்.

போன வருடம் மார்ச் பதினாலு. எட்டு மாதம் முடிந்திருந்தது. வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. பெண் பிள்ளை.

அடக்கத்துக்குப் பெண்கள் போகவில்லை. நான் அவர்கள் வாசல் வரை போனேன். பாக்கியம் அக்கா என்னைப் பார்த்து, “வெயில்ல போட்டியே ஜெயந்தினி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அன்றைக்கு மூடிய மெஷின். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருக்கும்போது இந்தப் பக்கம் நான் எப்படிக் குழந்தைச் சட்டை தைப்பேன்? அந்தச் சத்தம் அவளை என்ன செய்யும்?

அந்தச் செட்டை எரித்திருப்பார்கள்.

09.02.2025, ஞாயிறு

காலையில் சுவருக்கு அப்பால் வாந்தி எடுக்கும் சத்தம். வெள்ளி, சனியும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், ஐந்து மாதம் போகட்டும் என்று இருப்பார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பாக்கியம் அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நின்றார். நான் குடம் நிறையும் முன்னே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரிதான் அம்மா. என் கண்ணும் வேண்டாம், என் கையும் வேண்டாம். நல்லபடியாக இருக்கட்டும்.

ரமேஸிடம் சொன்னேன், மெஷினை அந்தப் பதுளைப் பிள்ளைக்கே கொடுத்துவிடலாம் என்று. “பரீட்ச முடியட்டும், கொண்டுபோய்க் குடுக்கிறேன்” என்றார். கேட்டது நான்தான். ஆனால் அவர் உடனே ஒத்துக்கொண்டது பிடிக்கவில்லை.

04.03.2025, செவ்வாய்

பிள்ளைக்காம்பராவில் இன்று ஒரே சிரிப்பு. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் அம்மாமார் இருபத்திரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகிறார்கள், எதற்கு எதைப் போட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது. டிலோஜினிக்கு மூன்று வயது. அவளுடைய காற்சட்டையின் இலாஸ்டிக் போய்விட்டது. பாட்டுக்கு ஆடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு படி கீழே. அவளோ விடாமல் ஆடுகிறாள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு ஊசி எடுத்து, கையாலேயே புது இலாஸ்டிக் கோத்துத் தைத்தேன். பத்து நிமிட வேலை. விரலுக்கு ஊசி மறந்திருந்தது, இரண்டு தரம் குத்திக்கொண்டேன்.

கைத்தையலுக்குச் சத்தம் இல்லை. இது ஏன் எனக்கு இவ்வளவு நாள் தோன்றவில்லை?

14.03.2025, வெள்ளி

ஒரு வருடம். தனுஜா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். பார்த்தோம். நான் உள்ளே போய்விட்டேன்.

20.03.2025, வியாழன்

முன்பெல்லாம் ஃபோனில் பார்த்துத்தான் தைப்பேன். வீடியோவில் வரும் இளவரசி கவுன், ஏழு அடுக்குச் சுருக்கு. போட்டால் பிள்ளை பொம்மை மாதிரி இருக்கும், குனிய முடியாது. படம் எடுத்ததும் கழற்றிவிடுவார்கள். இப்போது பிள்ளைகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாகப் பார்த்ததைக் குறித்து வைக்கிறேன்.

டிலோஜினி கல் பொறுக்குகிறாள். வைக்க இடமில்லாமல் வாயில் வைக்கிறாள். அவளுக்குப் பை வேண்டும், பெரிய பை.

இரட்டையரில் ஒன்று மூக்கை எப்போதும் இடது கையில்தான் துடைக்கிறது. வலது கை சுத்தமாக இருக்கிறது. இடது கை முனையில் துவாய்த் துணி வைத்துத் தைத்தால்?

இன்னொன்றுக்குக் கழுத்துப் பட்டியைச் சப்பும் பழக்கம். சாயம் போகாத துணியில் ஒரு தனிப் பட்டி, கழற்றித் துவைக்கிற மாதிரி.

வீட்டில் சொன்னேன். மகள் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “அம்மா, இது நல்லாருக்கே” என்றாள். ரமேஸுக்குத்தான் நக்கல் தாங்கவில்லை. “மூக்குத் தொடைக்கிற சட்டையா? அப்ப அது சட்டையா கைக்குட்டையா?”

சிரிக்கட்டும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் தலைக்குள் ஏதோ ஓடுகிறது. பஸ்ஸில், குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது எல்லாம் ஓடுகிறது.

29.03.2025, சனி

பரீட்சை முடிந்தது. மெஷினை எப்போது ஏற்ற வேண்டும் என்று ரமேஸ் கேட்டார். புது வருடம் போகட்டும் என்றேன்.

14.04.2025, திங்கள்

சித்திரை வருடப் பிறப்பு. டிலோஜினியின் கவுனைக் கையாலேயே தைத்து முடித்தேன். பதினாறு நாள், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மட்டும். பழைய கட்டம் போட்ட துணி, முன்னால் கங்காரு மாதிரி ஒரு பை. கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். கும்பிட்டு முடிவதற்குள் பையில் நாலு கல், ஒரு வாழைப்பழத் தோல், யாருடையதோ ஒரு கொலுசு.

கூட்டத்தில் தனுஜா நின்றாள். வயிறு தெரியத் தொடங்கிவிட்டது. அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். என்ன பிழைப்பு இது, திருடி மாதிரி.

18.05.2025, ஞாயிறு

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. பரவாயில்லை.

இன்று ரமேஸ் மெஷினை ஓட்டோவில் ஏற்றக் கயிறெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். அதைப் பார்க்க முடியாமல் துணி அலசப் பீலிக்குப் போனேன். தனுஜா மட்டும் இருந்தாள். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அவள் விடவில்லை.

“அக்கா, மெஷின எங்க கொண்டு போறாரு அண்ணன்?”

“பதுளைக்கு. ஒரு புள்ளைக்குக் குடுக்க.”

“நீங்க ஏன் தைக்கிறதில்ல?”

“நேரமில்லம்மா.”

“பொய் சொல்லாதீங்க. என்னாலதான?”

சொன்னேன். அந்தச் சத்தம் ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான், நீ அந்தப் பக்கம் படுத்துக் கெடந்தப்ப எப்பிடி நான் இந்தப் பக்கம் தைப்பேன், ஒன் மனசு என்ன பாடுபடும் — எல்லாம் சொன்னேன். இவ்வளவு நாள் நான் அவளுக்குச் செய்த நல்லது என்று ஒன்றே ஒன்றைத்தான் நினைத்து வைத்திருந்தேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“மாமி சொல்றாங்க, லயமே சொல்லுது. அது எனக்குப் பெருசில்ல. ஆனா அன்னைக்கிருந்து நீங்களும் மெஷின மூடிட்டீங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் காதக் குடுத்துக்கிட்டுக் கெடப்பேன், இன்னைக்காவது ஓடுமான்னு. ஓடல. அப்ப நீங்களும் அப்பிடித்தான நெனைக்கிறீங்க? துணி தச்சதுனாலதான் எம்புள்ள போச்சுன்னு.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. ஏனென்றால் — ஏனென்றால் நெனச்சேன். நெனைக்காம இல்ல. ஒவ்வொரு நாளும் நெனச்சேன்.

பிறகு அவளே கேட்டாள், “அந்தச் சட்டை என்னாச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“எரிச்சிருப்பாங்க.”

“எரிக்கல. நான் ஆசுப்பத்திரில கெடந்தேன். அவரு வந்து, புள்ளைக்கு என்ன சுத்தறதுன்னு கேட்டாரு. வீட்ல ஒண்ணுமே இல்ல. யாரும்தான் ஒண்ணும் எடுக்கலியே. நான்தான் பொட்டியத் தொறக்கச் சொன்னேன். சட்டை, தொப்பி, காலுக்குப் போடுறது, எல்லாம் போட்டுத்தான் அனுப்புனோம். அளவு சரியா இருந்துச்சின்னு அவரு வந்து சொன்னாரு.” வாளியைத் தூக்கிப் பீலிக்கு அடியில் வைத்தாள். “நீங்க தைக்காட்டி எம்புள்ள ஒரு துண்டுலதான் போயிருக்கும்க்கா.”

இரண்டு பேரும் அழுதோம். வாளி நிறைந்து வழிந்து, என் சோப்பும் அதோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஓட்டோவிலிருந்து மெஷினை நானே இறக்கினேன். ரமேஸ் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு குணத்துக்காக இந்த மனுசனை எத்தனை நக்கலும் பொறுத்துக்கொள்ளலாம்.

25.05.2025, ஞாயிறு

போர்வையை எடுத்தேன். நூல் பொபின் கூட்டில் ஒரு பூச்சி குடும்பம் நடத்தியிருக்கிறது. ரமேஸ் எண்ணெய் விட்டார். சக்கரம் முதலில் முனகியது, பிறகு ஓடியது.

இரண்டு தையல் போவதற்குள் வாசலில் பாக்கியம் அக்கா. மூச்சு வாங்குகிறது.

“திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? மாசமா இருக்கிறவ பக்கத்துல இருக்கா. யாருக்கு இது?”

“பிள்ளைக்காம்பராப் புள்ளைகளுக்குக்கா. சத்தியமா. மூக்குத் துடைக்கிற சட்டை.” சட்டையின் கையை உயர்த்திக் காட்டினேன், துவாய்த் துணி வைத்த சின்னக் கை. அதைப் பார்த்தாலே தெரியும் பிறந்த குழந்தைக்கு இல்லை என்று. ஆனாலும் அவர் முகம் இறங்கவில்லை. என் கை தானாகச் சக்கரத்தை விட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனுஜாவின் குரல்: “தைங்கக்கா.”

பாக்கியம் அக்கா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார். தைத்தேன். அந்தத் தையல் கோணல், பிரித்துத்தான் திரும்பப் போட வேண்டும். ஆனாலும் தைத்தேன்.

15.06.2025, ஞாயிறு

மூன்று ஞாயிறு, ஐந்து சட்டை. மூக்குச் சட்டைக்கு இப்போது கிராக்கி. இரட்டையரின் அம்மா மற்றதற்கும் கேட்கிறாள். மற்றது வலது கைக்காரன்!

தனுஜா சாயந்தரம் தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்து பார்க்கிறாள். அவளுக்கு ஒன்றும் தைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய மாமிக்கும் முதல் இரண்டு பிள்ளை தங்கவில்லையாம், மூன்றாவதுதான் விஜேந்திரனாம். “அவங்களுக்குப் பயம்க்கா. கோவம் இல்ல” என்றாள். எனக்கு அது தெரியாது. பதினைந்து வருடம் ஒரே லயத்தில் இருந்தும் தெரியாது.

நான் நம்புகிறேனா? துணி தைத்ததால் ஒரு உயிர் போகுமா? போகாது. அப்படியானால் இப்போதே ஒரு கட்டுச் சட்டை தைப்பேனா? மாட்டேன். இரண்டு பதிலும் என்னுடையதுதான். என்ன செய்வது, நான் இப்படித்தான்.

10.08.2025, ஞாயிறு

எட்டாம் மாதம். யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பாக்கியம் அக்கா கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து நடுவில் இரண்டு தரம் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். கங்காணி திட்டினாராம். “திட்டட்டும்” என்றாராம்.

நான் இன்று தைத்தது ஒரு மழைத்தொப்பி. காது இரண்டும் மூடும். எனக்கே பிடித்திருக்கிறது.

24.08.2025, ஞாயிறு

தனுஜாவை முன்கூட்டியே பதுளைக்குக் கூட்டிப் போய் வார்டில் சேர்த்தாயிற்று. மழையில் ரோட்டு கிடக்கிற கிடையில் கடைசி நேரத்தை நம்ப முடியாது. ரமேஸ் ஓட்டோவைப் பூ மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். பாக்கியம் அக்காவும் போனார். அந்தப் பக்கம் காலி. மெஷின் ஓட்டினேன், கேட்க ஆளில்லாமல் நன்றாகவே இல்லை. நிறுத்திவிட்டேன்.

04.09.2025, வியாழன்

பெண் பிள்ளை. இரண்டு கிலோ எழுநூறு. பத்து மணிக்கு விஜேந்திரன் ஃபோன். “அழுதுச்சா?” என்று கேட்டேன். “நல்லா அழுதுச்சு டீச்சர்” என்றான். பிறகு அவனே அழுதான். பிள்ளைக்காம்பராவில் எல்லாருக்கும் இரண்டு பிஸ்கட் கூடக் கொடுத்தேன்.

13.09.2025, சனி

பிள்ளையைப் பார்த்தேன். வழக்கப்படி பழந்துணிதான், விஜேந்திரன் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். முப்பதாம் நாள் கழியும் வரை புதுசு இல்லை. மூக்கு அப்படியே பாக்கியம் அக்கா. சொல்லவில்லை, வயது வந்த பிறகு அதுவே தெரிந்துகொள்ளும்.

கையில் வாங்கச் சொன்னார்கள். நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கினேன். கையும் காலும் எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு அகலம் என்று என் விரல்கள் தாமாகவே அளந்தன. வெட்கமாகப் போய்விட்டது.

05.10.2025, ஞாயிறு

முப்பது கழித்துப் பெயர் வைத்தார்கள். நான் ஒன்றும் தைத்துக் கொண்டு போகவில்லை. கடையில் வாங்கிய ஒரு சட்டையைக் கொடுத்தேன். தனுஜா வாங்கி வைத்துக்கொண்டாள், முகம் சுண்டிவிட்டது. அவள் கேட்டால் தைக்கலாம். ஆனால் அந்த வீட்டில் கேட்க வேண்டியவர் அவள் இல்லை.

12.10.2025, ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். காலையிலிருந்து மெஷின் ஓய்வில்லாமல் ஓடுகிறது. பதினொரு மணி இருக்கும், வாசலில் நிழல். பாக்கியம் அக்கா. பிள்ளை தோளில். இடுப்பில் ஒரு பார்சல்.

வாங்க என்று சொல்லும் முன்னே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இந்தக் காம்பராவில் அவர் உட்கார்ந்து ஒன்றரை வருடத்துக்கு மேல். பார்சலைப் பிரித்தார். சிவப்புத் துணி, ஓரத்தில் ஜரிகை. மூன்று நான்கு கவுனுக்குக் காணும். பண்டாரவளைக்குத் தானே பஸ்ஸில் போய் வாங்கி வந்திருக்கிறார்.

“தீவாளிக்கு ஒண்ணு தையி.”

“சரிங்கக்கா.” அளவு நாடாவை எடுத்துப் பிள்ளையின் மேல் வைத்தேன். அது கையை உதறியது. நெஞ்சு பதினாறு, நீளம் பன்னிரண்டு என்று எழுதினேன்.

அவர் என் கொப்பியை எட்டிப் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

“அவ்வளவு சின்னதாவா? அது ஒரு மாசத்துல பத்தாமப் போயிரும்.”

“தீவாளிக்குச் சரியா இருக்கும்க்கா.”

“தீவாளிக்கு மட்டுமா போடப் போறா? பெருசா தையி. உள்ள மடிச்சி வச்சித் தையி, பிரிச்சி விட்டுக்கிறலாம். வர்ற வருசமும் போடணும், அடுத்த வருசமும் போடணும்.” பிறகு என்னைப் பார்க்காமல், பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “மிச்சத் துணியையும் நீயே வச்சிக்க. நடக்க ஆரம்பிச்சதும் ஒண்ணு, பள்ளிக்கூடம் போறப்ப ஒண்ணு. இப்பவே வெட்டி வச்சாலும் சரிதான்.”

சரி என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை, துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டி, இரவு வரை உட்கார்ந்து தைத்தேன். தீபாவளிக்கு ஒன்று, கீழ் மடிப்பில் நான்கு விரல் கூட. ஒரு வயதுக்கு ஒன்று. ஐந்து வயதுக்கு ஒன்று, அளவுக்கு டிலோஜினியை நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உயரமாக.

மூன்றையும் அலச வேண்டும், புதுத்துணி சாயம் விடும். நாளைக்கு வெயில் இருந்தால் வெளியே கொடியில் போடுவேன்.